புதன் தியேட்டரும் நம் ஊர்ப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் இருளர் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு நாடகப் பட்டறை நடத்துகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அகமதாபாத் சாராநகர் இளைஞர்களின் கதையைச் சொல்லித்தான் தொடங்குவேன். சொல்லி முடித்ததும் ஆசிரியர்கள், பெற்றோர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதன் தியேட்டர் என்பது என்ன?

அகமதாபாத்தின் குபேர்நகர் பகுதியில் சாராநகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாழ்கிற சாரா சமூகத்து இளைஞர்கள் 1998-இல் தொடங்கிய நாடகக் குழு இது. (அவர்கள் வாயில் கேட்டால் ‘ச்சாரா’ என்று அழுத்தி வரும்.) எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் பேராசிரியர் கணேஷ் தேவியும் அந்த ஆண்டு சாராநகருக்குப் போனார்கள். முதலில் அங்கே ஒரு சிறிய நூலகம் வந்தது. புத்தகம் படிக்க வந்த பையன்களும் பெண்களும்தான் பிறகு நாடகக் குழு ஆனார்கள். தட்சிண் பஜ்ரங்கே என்ற சாரா இளைஞர் அதை முன்னின்று நடத்தினார்.

நூலகம் முதலில், நாடகம் அப்புறம் என்ற வரிசையை நான் எல்லாரிடமும் சொல்வேன். பிள்ளைகள் உட்கார ஓர் இடம் வேண்டும், தினமும் வந்து போக ஒரு காரணம் வேண்டும். அது இல்லாமல் நேராக ஒத்திகைக்கு அழைத்தால் மூன்றாம் நாள் யாரும் வர மாட்டார்கள்.

‘புதன்’ என்பது கிழமையா, ஆளா?

ஆள்தான். ஆனால் கிழமையும் அதற்குள் இருக்கிறது. சோட்டாநாக்பூர் வட்டாரத்தில் பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. நம் புதன்கிழமையில் இருக்கிற அதே புதன்.

புதன் சபர் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக்காரர், கேரியா சபர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். 1998 பிப்ரவரி 10 அன்று மனைவி சியாமளியோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் ஒரு வெற்றிலைக் கடையில் நின்றார். அங்கிருந்து போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. ஒரே வாரத்தில், பிப்ரவரி 17 அன்று, காவலிலேயே இறந்துபோனார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து அந்த மக்கள் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். உடலை எரித்துவிட்டால் சாட்சி போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் உடலை மறைவாகப் புதைத்து வைத்துவிட்டு, ஒரு பொம்மையைத்தான் எரித்தார்கள். மகாசுவேதா தேவி துணை நின்ற சபர் நலச் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுபடி பிரேதப் பரிசோதனை நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி ரூமா பால் தீர்ப்புச் சொன்னார். தற்கொலை என்ற கதை நிற்கவில்லை. சியாமளிக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் சிபிஐ விசாரணையும் உத்தரவாயின.

வழக்கின் விவரங்கள் சாராநகருக்கு வந்து சேர்ந்தன. நாட்டின் கிழக்கு மூலையில் நடந்த ஒரு சாவை மேற்கு மூலையில் இருந்த இளைஞர்கள் படித்தார்கள். மொழி வேறு, சாதி வேறு, ஊர் வேறு. ஆனால் காவல் நிலையத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதை வைத்து ‘புதன்’ என்ற நாடகத்தைக் கட்டி 1998 ஆகஸ்ட் 31 அன்று போட்டார்கள். நாடகத்தின் பெயரே குழுவின் பெயராகிவிட்டது.

ஏன் குறிப்பாக ஆகஸ்ட் 31?

1952-இல் அதே நாளில்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கியது. நாடு விடுதலை பெற்று ஐந்து முழு ஆண்டுகளும் சில நாட்களும் கழித்து! சீர்மரபினர் பலர் அந்த நாளைத்தான் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த சட்டம் அது. ஒரு சமூகத்தையே ‘பிறவிக் குற்றவாளிகள்’ என்று பதிந்து வைக்கலாம். பதியப்பட்டவர் கைரேகை வைக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்து ஆஜராக வேண்டும், ஊரைவிட்டுப் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே சொல்வார்கள். 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. அதை எதிர்த்து உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பலர் உயிர்விட்டார்கள்.

இந்தப் பக்கத்தின் பொருளுக்கு முக்கியமானது 1897-இல் செய்த திருத்தம். 4 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க அது அதிகாரம் கொடுத்தது. நான்கு வயதில் ஒரு குழந்தை என்ன குற்றம் செய்துவிட முடியும்? ‘இந்தப் பிள்ளைகளைத் திருத்த வேண்டும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும். கலைக் கல்வி என்ற பெயரிலும் அந்த எண்ணம் உள்ளே நுழைந்துவிடும். ‘ஒழுக்கம் கற்றுக்கொடுங்க சார்’ என்று பிள்ளைகளை என்னிடம் அனுப்புகிறவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு 1897 ஞாபகத்துக்கு வரும்.

சாரா மக்கள் பழங்குடியா? சீர்மரபினர் என்றால் யார்?

குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களைத் தமிழ்நாட்டில் சீர்மரபினர் என்கிறோம். சாரா மக்களும் அப்படிப்பட்ட ஒரு சமூகம்தான். வடக்கே ‘விமுக்த ஜாதி’ என்பார்கள். ஒரே சமூகம் ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியிலும், இன்னொன்றில் பழங்குடிப் பட்டியலிலும், வேறொன்றில் பிற்படுத்தப்பட்டோரிலும் இருக்கும். புதன் சபரின் சமூகம் அரசுப் பட்டியலிலேயே பழங்குடி. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. நாடோடி, அரை நாடோடிச் சமூகங்களையும் சேர்த்து நாடு முழுக்க இவர்கள் 10 கோடிக்கு மேல் இருப்பார்கள் என்று 2008-இல் ஒன்றிய அரசு அமைத்த ரெங்கே ஆணையம் மதிப்பிட்டது.

சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது கல்விக்கும் வேலைக்கும் முக்கியம்தான். பட்டறைக்குள் நான் அதைக் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட நாடகத்தில் போலீஸ் வேடம் யார் போடுவார்கள்?

அவர்களேதான். அடிவாங்கிய குடும்பத்துப் பிள்ளை அடிக்கிறவனாக நடிக்கும். சாராநகர் நாடகங்களின் பலமே அங்கேதான் என்பது என் எண்ணம். லத்தியை எப்படிப் பிடிப்பார்கள், எந்தக் கெட்ட வார்த்தையை முதலில் சொல்வார்கள், எப்போது குரலைத் தாழ்த்துவார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

இதை நான் நேரில் உணர்ந்த ஒரு நாளைச் சொல்கிறேன். செங்கல் சூளையில் பெற்றோர் வேலை பார்க்கும் பையன், வயது 13 இருக்கும். ‘உனக்குப் பயம் வரவைக்கிற ஒரு ஆளை நடிச்சுக் காட்டு’ என்றேன். மற்ற பையன்கள் எல்லாரும் கம்பை எடுத்துக்கொண்டு கத்தினார்கள். இவன் ஒரு நாற்காலி கேட்டான். அதைக் கொஞ்சம் கோணலாகப் போட்டு உட்கார்ந்தான், காலை நீட்டினான், ஒரு நோட்டைத் திறந்து பக்கத்தைப் புரட்டினான். எதிரே நிற்கிறவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தபடியே, சாதாரணமாக, ‘பேரு?’ என்றான்.

எதிரே நின்ற பிள்ளை தன் பெயரைச் சொன்னான். இவன் எழுதவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி, ‘பேரு?’

அந்தக் கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். கம்பு இல்லை, வசவு இல்லை. அதிகாரம் என்றால் நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது என்பதை அவன் எங்கோ நின்று கவனித்து வைத்திருக்கிறான். எந்த நாடகப் பள்ளியும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு இடத்தை மாற்றினோம். நாற்காலியில் இருந்தவன் எழுந்து நின்றான், நின்றவன் உட்கார்ந்தான். அப்புறம் மூன்றாவதாக ஒரு சிறுமி, யாரும் சொல்லாமலே, எழுந்து வந்து நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள்: ‘சார், உங்க பேரு என்ன?’ சின்னக் கேள்விதான். ஆனால் அந்த ஊரில் அதுவரை யாரும் நாற்காலியைப் பார்த்து அதைக் கேட்டதில்லை.

தங்கள் சொந்த வேதனையையே நடிப்பது பிள்ளைகளைப் பாதிக்காதா?

பாதிக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்டறை நடத்துகிறவர்களிடம் பிள்ளைகளை விடாதீர்கள்.

புதன் நாடகத்தை மறுபடி பாருங்கள். சாராநகர்ப் பிள்ளைகள் தங்கள் அப்பாவின் கதையோடு தொடங்கவில்லை. ஆயிரம் மைல் தள்ளி இறந்த ஒருவரின் கதையை எடுத்தார்கள். அந்தத் தூரம் ஒரு பாதுகாப்பு. அடுத்தவர் கதை என்ற பெயரில் தன் கதையையும் சொல்லலாம், வேண்டாம் என்றால் சொல்லாமலும் இருக்கலாம். அவர்கள் அடுத்து எடுத்ததும் அப்படித்தான். 1998-லேயே மகாராஷ்டிரத்தின் பாராமதியில் காவலில் இறந்த பின்யா ஹரி காலே என்ற பார்தி சமூகத்தவரின் கதை.

நான் கடைப்பிடிக்கிற சிலவற்றைச் சொல்கிறேன். தனக்கு நடந்ததைத் தானே அடிபடுகிறவனாக நடிக்க எந்தப் பிள்ளையையும் விடமாட்டேன். கதையை வேறொருவர் எடுத்து நடிப்பார், சொன்ன பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ‘இப்படி இல்லை, அப்படி’ என்று திருத்தும். அப்போது அது இயக்குநர் ஆகிவிடுகிறது. பாத்திரத்துக்கு நிஜப் பெயர் கிடையாது. ஒத்திகையைச் செல்போனில் படம் எடுக்கக் கூடாது, அதிலும் வழக்கு நடக்கிற குடும்பம் என்றால் கண்டிப்பாகக் கூடாது. முடிக்கும்போது அழுகையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு பாட்டு, ஒரு ஓட்டம், ஒரு விளையாட்டு, அப்புறம் சாப்பாடு. சாப்பாடு அவசியம்.

அழுகிற பிள்ளையை வைத்துப் பார்வையாளரை அழவைப்பது சுலபம். அதைக் கலை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர்களுக்கென்று பாட்டும் ஆட்டமும் இருக்கிறதே, நாடகம் எதற்கு?

இருக்கிறது, அதுவும் வளமாக. அதனால்தான் அதை என்ன செய்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பள்ளி ஆண்டு விழாவில் நடந்தது. ‘பழங்குடி நடனம்’ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டு, இருளர் பிள்ளைகளுக்கு இலைதழைப் பாவாடையும் முகத்தில் கறுப்பு மையும் பூசி மேடையேற்றினார்கள். பாட்டு ஏதோ ஒரு சினிமாப் பாட்டு. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் யாரும் இலை கட்டிக்கொண்டு ஆடுவதில்லை. ஒரு சிறுமி கீழே இறங்கி வந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்தேன். மை போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ‘வீட்டில் பெரியவங்க செய்யற ஒரு வேலையை, பேசாம, உடம்பால செஞ்சு காட்டுங்க’ என்றோம். ஒரு பையன் எலி பிடிப்பதைச் செய்தான். வரப்பு ஓரமாகக் குனிந்து நடந்தான். ஓரிடத்தில் நின்று மண்ணைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனான். வளையின் மற்ற வாய்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேறு வைத்து அடைத்தான். பானைக்குள் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளையோடு அழுத்திப் பிடித்து, பின்பக்கத்து ஓட்டையில் வாய் வைத்து ஊதினான். நிறுத்தினான். காதை மண்ணில் வைத்தான். எங்களுக்கும் அந்த வளைக்குள் ஏதோ ஓடுவது கேட்டது. வெறும் சிமெண்டுத் தரை! ஒரு நடிகருக்கு வேண்டிய கவனம், மூச்சு, காத்திருத்தல் எல்லாம் அவனிடம் இருந்தன. அந்த வேலையைச் சொல்லித்தான் பள்ளியில் அவனைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

சடங்கைத் தொடும்போது மட்டும் கவனம் வேண்டும். வயநாட்டில் அடியர் என்ற பழங்குடி மக்களிடம் ‘கத்திகை’ என்ற சடங்கு உண்டு. நோயையும் கேட்டையும் ஊரைவிட்டு விரட்டுவதற்கு ஆடுவது. மலையாள எழுத்தாளர் கே.ஜே. பேபி அந்த வடிவத்தை எடுத்து ‘நாடுகத்திகை’ என்ற நாடகத்தைச் செய்தார். ஊரைப் பிடித்த நோய் என்று நிலவுடைமைக் கொடுமையைக் காட்டினார். 1981-இல் குழுவோடு கைதும் ஆனார். அவர் அந்த மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1994-இல் நடவயலில் ‘கனவு’ என்ற பள்ளியைத் தொடங்கிப் பழங்குடிப் பிள்ளைகளோடு பாட்டு, களரி, கைவினை, படிப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தியவர். பின்னாளில் அந்த இடத்தை அங்கே வளர்ந்த பிள்ளைகளிடமே ஒப்படைத்தார். அப்படிக் கூடவே கிடந்து வாழாதவர், இரண்டு நாள் பட்டறைக்குப் போய்ச் சடங்கைக் கேட்டு வாங்கி மேடையேற்றக் கூடாது. ஊர்ப் பெரியவர் ‘இது வேண்டாம்’ என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

எந்த மொழியில் நடத்துவது?

பிள்ளை எந்தப் பேச்சில் சண்டை போடுமோ அந்தப் பேச்சில். சாரா மக்களுக்கு பாந்து என்று சொந்த மொழி உண்டு. வெளியே போய் ஆடும்போது எல்லாருக்கும் புரிய இந்தியிலும் ஆடுகிறார்கள். நம் மலைகளிலும் இருளம், குறும்பர் மொழி, காட்டுநாயக்கர் மொழி என்று எத்தனையோ இருக்கின்றன. அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா தன் இருளர் மொழிப் பாட்டுக்கு 2022-இல் தேசியத் திரைப்பட விருது பெற்றார். அந்தச் செய்தியைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சமவெளி இருளர் பிள்ளைகள் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் வீட்டுத் தமிழ் வேறு, பள்ளிக்கூடத் தமிழ் வேறு. ‘நல்ல தமிழில் பேசு’ என்று ஒத்திகையில் யாராவது திருத்தினால் குரல் அப்படியே சுருங்கிவிடும். பாட்டி வேடம் போடச் சொல்லுங்கள், அதே பிள்ளை கூரை பறக்கப் பேசும்.

நாடகம், நாடகம் என்று போனால் படிப்பு கெட்டுவிடாதா?

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. சூளையில் முன்பணம் வாங்கியிருக்கும் குடும்பத்துக்குப் பிள்ளையின் ஒவ்வொரு நாளும் கணக்கு.

சாராநகரில் நூலகத்துக்கு வந்த தலைமுறையிலிருந்து வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், திரைப்படக் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். தட்சிண் பஜ்ரங்கே ஆவணப்படங்கள் எடுத்தார், பிரிட்டனில் போய் உயர்கல்வியும் படித்தார். இதெல்லாம் நாடகத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வசனம் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். வகுப்பில் பின்வரிசையில் தலையைக் கவிழ்த்து உட்காரும் பிள்ளை, நூறு பேர் முன்னால் நின்று பேசிவிட்டு வந்த பிறகு அப்படி உட்காருவதில்லை. தேர்வு நேரத்தில் ஒத்திகை வைக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்புவார்களா?

பகலில் நடத்தினால், ஊருக்குள்ளேயே நடத்தினால், கூட ஒரு பெண் பயிற்சியாளர் இருந்தால் அனுப்புவார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வயதுக்கு வந்த பெண்கள் வருவது நின்றுவிடும்.

நாடகம் போட்டதால் சாராநகரில் போலீஸ் தொந்தரவு நின்றுவிட்டதா?

இல்லை. 2018 ஜூலை கடைசியில் ஒரு நள்ளிரவில் போலீஸ் பெரும்படையாக சாராநகருக்குள் புகுந்தது. வீடு புகுந்து அடித்தார்கள், வண்டிகளை உடைத்தார்கள் என்று மக்கள் குற்றம்சாட்டினார்கள். வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும்கூடத் தப்பவில்லை. சாராநகரில் சிலர் சாராயம் காய்ச்சுகிறார்கள், குஜராத்தில் மதுவிலக்கு இருக்கிறது. அதைக் காரணம் காட்டி ஊரையே வளைப்பது பழைய பழக்கம். வேலை கொடுக்காமல் ஒதுக்கிவிட்டு, பிழைக்கச் செய்ததைக் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

ஆனால் 2018-இல் அந்த ஊர் வாய்மூடி இருக்கவில்லை. தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், எழுதினார்கள், நடித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். இருபது ஆண்டுகளில் அவ்வளவு பேர் பேசக் கற்றிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குத் தேவை இருக்கிறதா?

1993-இல் கடலூர் மாவட்டம் முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராசாக்கண்ணு போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அவர் மனைவி பார்வதி நீதிமன்றப் படி ஏறினார். புதன் சபருக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. இரண்டிலும் திருட்டுப் பழி, இரண்டிலும் பொய்க் கதை, இரண்டிலும் விடாமல் நின்ற ஒரு மனைவி. அதற்கு முந்தைய ஆண்டு, 1992 ஜூனில், வாச்சாத்தி மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நடந்த கொடுமையில் 2011-இல்தான் 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தேவை இருக்கிறதா என்று கேட்டால் இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வாச்சாத்தி பற்றி வெளியிலிருந்து போனவர்கள் நிறையப் பேசியிருக்கிறோம். வாச்சாத்திக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே இயக்கி, தங்கள் பாட்டியின் முன் நடிக்கிற நாடகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?

உண்டு. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். சுமார் 1,50,000 பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். 1897 திருத்தத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த நாட்டில் 1974-இல் ஜேம்ஸ் புல்லர் என்ற க்ரீ இனத்தவர் பூர்வகுடி இளைஞர்களுக்கென்றே ஒரு நாடகப் பள்ளியைத் தொடங்கினார். அது இன்று டொரொண்டோவில் பூர்வகுடி நாடக மையமாக இருக்கிறது. 1984-இல் மானிடூலின் தீவில் தெபாஜெமுஜிக் என்ற குழு உருவானது. பெயருக்குப் பொருள் கதைசொல்லிகள்.

நான் ஓர் ஆசிரியர். எங்கள் ஊரில் தொடங்க என்ன வேண்டும்?

காசு பெரிதாக வேண்டாம். மேடை, விளக்கு, மைக் எதுவும் வேண்டாம். ஒரு மரத்தடி, பிள்ளைகள் உட்கார ஒரு பாய், வாரத்தில் மாறாத ஒரு நாள், ஒரு நேரம். நீங்கள் ஒரு வாரம் வராமல் போனால் பிள்ளைகள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் மாதம் நாடகம் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். விளையாடுங்கள். கண்ணாடி விளையாட்டு, சிலை விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு நண்பன் குரலை வைத்து நடப்பது. இரண்டாம் மாதம் கதை கேளுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் கேட்காமல், பிள்ளைகள் போய்ப் பாட்டியிடம் கேட்டு வரட்டும். கேட்டு வந்ததை மூன்று மூன்று பேராகச் சேர்ந்து நடித்துக் காட்டட்டும். எழுதிய பிரதி முதலில் வேண்டாம், பேசிப் பேசி வருவதை யாராவது ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். பிறகு அதுவே பிரதி. முதல் காட்சியை வெளியூரில் போடாதீர்கள், சொந்த ஊரில், சொந்த சனத்தின் முன் போடுங்கள். அவர்கள் ‘இது சரியில்லை’ என்று சொல்கிற இடத்தை மாற்றுங்கள்.

கலெக்டர் முன்னால் ஆட வாய்ப்பு வந்தால்? தாராளமாகப் போங்கள். எந்தக் காட்சியைக் காட்டலாம், எதை வேண்டாம் என்பதைப் பிள்ளைகளும் ஊரும் முடிவுசெய்யட்டும். ஒரு காட்சியை நீக்கச் சொல்லி மேலிருந்து வார்த்தை வந்தால், அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரே ஒரு பிள்ளைதான் வந்தால்?

நடத்துங்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. நடவுக் காலம், எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டாளே, அந்தச் சிறுமி மட்டும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள்தான் பயிற்சியாளர், நான்தான் மாணவன். தம்பி பார்வையாளர். ‘கண்ணை மூடுங்க, இப்ப நீங்க ஒரு வரப்புல நிக்கறீங்க’ என்றாள். நின்றேன்.